நெடுவரிசைகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தால், வரைபடம் தானே பொருந்திக்கொள்ள நிரல் எழுதுவது எப்படி?

#1 தோட்டத்துக்_கிராணி (பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்)

அனைவருக்கும் வணக்கம். பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் நான் கிராணியாக (எழுத்தராக) பணிபுரிகிறேன். மாதக் கடைசியில் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் (தோட்டப் பிரிவிலிருந்தும்) ஆலைக்குப் போன குலைகளின் எடையை வரைபடமாக்கி, ஏ3 தாளில் அச்சிட்டு, பெரட்டு (வேலைக்கு முன் ஆட்கள் கூடும் அணிவகுப்பு) நடக்கும் இடத்தில் உள்ள பலகையில் ஒட்டுவது என் பொறுப்பு. எடைக் கணக்கு ஒரு சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட அட்டவணையாக) வருகிறது. முதல் நெடுவரிசையில் மாதம் இருக்கும். அதற்குப் பின் பிளாக்குக்கு ஒரு நெடுவரிசை. படம் வரைவது நூபிளாட் என்ற மென்பொருள்.

சிக்கல் என்னவென்றால், நெடுவரிசைகளின் எண்ணிக்கை நிலையாக இல்லை. இருபத்தைந்து ஆண்டைத் தொட்ட பிளாக்கை மறுநடவுக்காக வீழ்த்திவிட்டால் அதன் நெடுவரிசை கோப்பிலிருந்து போய்விடுகிறது. நட்டு மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வந்த பிளாக் புதிதாகச் சேர்கிறது. சில நேரங்களில் பெரிய பிளாக் ஒன்றை இரண்டாகப் பிரித்து இரண்டு மண்டோர்களிடம் (வேலைக் கூட்டத்தின் தலைவர்களிடம்) ஒப்படைக்கிறார்கள். இந்நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்ட தெனமாரம் தோட்டம் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அது 1917-ஆம் ஆண்டு. அன்று தொட்டு இந்தப் பயிருக்கு நடுவதும் வீழ்த்துவதும் மீண்டும் நடுவதுமே இயல்பு என்பதால், இந்த மாற்றம் என்றைக்காவது நின்றுவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இப்போது இருக்கும் நிரலில் ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணால் குறிக்கப்பட்டு, அதன் பெயர் பக்கத்திலேயே கையால் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. புதிய பிளாக் வந்தால் அது படத்தில் தோன்றுவதே இல்லை. நடுவில் ஒரு பிளாக் போய்விட்டால் நிலைமை இதைவிட மோசம்: ஆறாம் நெடுவரிசைக்கு எழுதிய பெயரின் கீழ் ஏழாவதன் எடை வந்து உட்கார்ந்துகொள்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை. நிரலை ஒருமுறை எழுதிவிட்டு, கோப்பில் எத்தனை நெடுவரிசைகள் வந்தாலும் கைவைக்காமல் விடக்கூடிய வழி உண்டா?

#2 கணினி_வாத்தியார் (கோலசிலாங்கூர்)

வணக்கம் தம்பி. வழி உண்டு, நூபிளாட்டிலேயே உண்டு. கட்டளைகளைச் சொற்களால் விளக்குகிறேன், கையேட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் "ஸ்டாட்ஸ்" கட்டளையைக் கோப்பின்மீது, வெளியீடு வேண்டாம் என்று சொல்லி, ஓட்டுங்கள். அது கோப்பைப் படித்துவிட்டு, தன் பெயரோடு தொடங்கும் பல மாறிகளில் விவரங்களை வைத்துவிட்டுப் போகும். அவற்றுள் ஒன்று நெடுவரிசைகளின் எண்ணிக்கை. பிறகு "பிளாட்" கட்டளையில், இரண்டிலிருந்து அந்த எண்ணிக்கை வரை என்று ஒரு சுழற்சி வைத்து, முதல் நெடுவரிசையைக் கிடை அச்சுக்கும் சுழற்சி எண்ணுள்ள நெடுவரிசையை நிலை அச்சுக்கும் கொடுங்கள். பெயரைக் கையால் எழுதாமல், நெடுவரிசைத் தலைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதினொன்று வந்தாலும் ஏழு வந்தாலும் படம் வந்துவிடும், பெயர்களும் இடம் மாறா.

கவனிக்க வேண்டியவை சில. அந்த எண்ணிக்கை தரவின் முதல் கிடைவரிசையைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. ஆகவே முதல் மாதத்து வரிசையில் காற்புள்ளிகள் குறைந்திருந்தால், பின்னால் வந்த பிளாக் கணக்கில் வராது. காற்புள்ளிதான் பிரிப்பான் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். கிடை அச்சு நாள்வகை என்று அறிவிக்கும் வரி "ஸ்டாட்ஸ்" கட்டளைக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வந்தால் நாள்வகை முறையில் இந்தக் கட்டளை இயங்காது என்று நூபிளாட் மறுத்துவிடும். என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலோர் இந்த வரிசைமுறையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. பிளாக்கின் பெயரில் அடிக்கோடு இருக்கிறதா? இருந்தால் அதற்கு அடுத்த எழுத்து மட்டும் சிறுத்துக் கீழே இறங்கிவிடும், ஏனெனில் நூபிளாட் அடிக்கோட்டைக் கீழெழுத்துக் குறியாக எடுத்துக்கொள்கிறது. அந்த வசதியை நிறுத்தி வைக்க ஒரு சொல் போதும்: "நோஎன்ஹான்ஸ்ட்".

#3 தோட்டத்துக்_கிராணி

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி மாற்றினேன். எண்ணிக்கைச் சிக்கல் தீர்ந்தது. அடிக்கோடும் நீங்கள் சொன்னது போலவே எங்கள் பெயர்களில் இருந்தது.

ஆனால் இரண்டு புதிய கேள்விகள் எழுந்திருக்கின்றன. கோப்பின் கடைசி நெடுவரிசையில் "மொத்தம்" இருக்கிறது. சுழற்சி அதையும் ஒரு பிளாக்காக எண்ணி வரைந்துவிட்டது. மொத்தத்தின் கோடு மேலே எங்கோ போக, நிலை அச்சு அதற்கேற்ப நீண்டு, மற்றப் பிளாக்குகள் எல்லாம் அடியில் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன. கடைசியை விட்டுவிடு என்று எழுதலாம் என்றால், சில மாதங்களில் மொத்தத்துக்குப் பின்னால் மழையளவும் மில்லிமீட்டரில் சேர்ந்து வருகிறது.

இரண்டாவது, நிறம். இம்மாதம் கோப்பிலிருந்து ஒரு பிளாக் போனதும், அதற்குப் பின்னால் இருந்த எல்லாப் பிளாக்குகளின் நிறமும் ஒரு படி முன்னால் நகர்ந்துவிட்டது. எங்கள் கண்டக்டர் (களமேற்பார்வையாளர்) இதைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

#4 களத்துக்_கண்டக்டர் (பெஸ்தாரி ஜெயா)

வந்தவன் நான்தான். நிரலைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்தப் படம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதை இங்கே எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

பெரட்டு நேரத்தில் இன்னும் விடிந்திருக்காது. பலகைக்கு மேலே ஒரே ஒரு குழல் விளக்கு. ஆட்கள் பலகைக்கு நெருங்கி நிற்பதில்லை. நான்கைந்து அடி தள்ளி, தொப்பியும் கொக்கிக் கத்தியும் கையுமாக நின்றபடி பார்க்கிறார்கள். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிவிளக்கம் அந்தத் தூரத்திலிருந்து ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பச்சைக் கோடு ஆற்றோரப் பிளாக், ஆரஞ்சு மேட்டு பிளாக் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கோடு ஏறினால் அந்தக் கூட்டத்துக்கே முகம் மலரும். இறங்கினால் மண்டோரிடம் காரணம் கேட்பார்கள். இம்மாதம் பச்சை சட்டென்று இறங்கியிருந்தது. ஆற்றோரத்தில் அறுவடை குறையவே இல்லை. பச்சை வேறொரு பிளாக்குக்குப் போய்விட்டிருந்தது. அந்த மண்டோர் பத்துப் பேர் முன்னிலையில் செய்யாத குறைக்குப் பதில் சொல்லும்படி ஆயிற்று. எண்ணிக்கை எத்தனை மாறினாலும் சரி, ஒரு பிளாக்குக்குக் கொடுத்த நிறம் அது வீழ்த்தப்படும் வரை அதற்கே இருக்க வேண்டும்.

#5 நிரலாளர்_கிள்ளான்

கண்டக்டர் ஐயா எழுதியதுதான் இந்த இழையின் மையம் என்பது என் எண்ணம். நெடுவரிசைகளை எண்ணுவது இந்த வேலையின் எளிய பாதி. எந்த நெடுவரிசை எது, எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நிரல் அறிந்திருப்பதுதான் மற்றப் பாதி. அது இல்லாமல் எண்ணிக்கைக்கு மட்டும் பொருந்திக்கொள்ளும் படம், பொருந்தாத படத்தைவிடக் கெடுதல் செய்யக்கூடியது. பழைய நிரலில் ஒரு பிளாக் படத்தில் இல்லாமல் போனால் யாராவது கேட்பார்கள். புதிய நிரலில் எல்லாம் இருப்பது போலவே தோன்றும், ஆனால் நிறம் ஆள் மாறியிருக்கும். வகுப்பிலிருந்து ஒரு மாணவன் மாற்றலாகிப் போனால் மற்ற மாணவர்களின் பெயரை யாரும் ஒரு படி நகர்த்தி வைப்பதில்லை அல்லவா? இயல்புநிலை நிறங்களோ சரியாக அதைத்தான் செய்கின்றன, ஏனெனில் அவை பெயரைப் பார்ப்பதில்லை, வரிசை எண்ணை மட்டுமே பார்க்கின்றன. நூபிளாட் ஐந்தாம் பதிப்பில் எட்டு நிறங்கள், பைத்தான் மொழியில் படம் வரையும் தொகுப்பான மாட்பிளாட்லிப்பில் பத்து. அவை தீர்ந்ததும் முதலிலிருந்து மீண்டும் தொடங்கும். மாட்பிளாட்லிப்பில் பதினோராவது பிளாக் வந்தால் அதற்கும் முதல் பிளாக்கின் நீலமே கிடைக்கும்.

என் பரிந்துரை: தரவுக் கோப்போடு இன்னொரு சிறு கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பதிவேடு என்று அழைப்போம். ஒரு பிளாக்குக்கு ஒரு வரி. அந்த வரியில் பிளாக்கின் பெயர், நட்ட ஆண்டு, ஹெக்டர் பரப்பு, நிறம், வகை ஆகியவை இருக்கட்டும். வகை என்பது குலை எடையா, மொத்தமா, மழையா என்பது. நிரல் முதலில் தரவுக் கோப்பின் தலைப்பு வரியைப் படிக்கும். ஒவ்வொரு தலைப்பையும் பதிவேட்டில் தேடும். குலை எடை என்றால் பதிவேட்டில் உள்ள நிறத்தில் கோடாக வரையும். மொத்தம் என்றால் விட்டுவிடும், அல்லது தலைப்பில் எண்ணாக மட்டும் எழுதும். மழை என்றால் கீழே தனிக் கட்டத்தில் பட்டைகளாக வரையும். பதிவேட்டில் இல்லாத பெயர் வந்தால் அதைச் சாம்பல் நிறப் புள்ளிக்கோடாக வரைந்து, "பதிவேட்டில் இல்லை" என்று படத்தின் ஓரத்திலேயே எழுத வேண்டும். அதைத் தன்பாட்டுக்கு விட்டுவிடவும் கூடாது, தன்பாட்டுக்கு ஒரு நிறம் கொடுக்கவும் கூடாது.

இதை நூபிளாட்டில் செய்ய முடியும். ஆனால் தலைப்பு வரியை மட்டும் எடுக்க இயங்குதளத்தின் கட்டளையை நாட வேண்டியிருக்கும், அது விண்டோஸில் ஒரு மாதிரியும் லினக்ஸில் வேறு மாதிரியும் இருக்கும். இந்தக் கட்டத்தில் பைத்தானுக்கு மாறிவிடுவதே மேல். அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற தொகுப்பு கோப்பைப் படித்ததும் தலைப்புகள் ஒரு பட்டியலாகக் கையில் கிடைக்கும். பதிவேடு பெயரைச் சாவியாகக் கொண்ட ஓர் அகராதியாகும், பெயரைக் கொடுத்தால் அதன் விவரத்தைத் தரும். மீதியெல்லாம் ஒரு சுழற்சிதான்.

தலைப்புகளைத் தேடும் முன், முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு நெடுவரிசைகள் இருந்தால் பாண்டாஸ் இரண்டாவதன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஒன்றும் சேர்த்துவிடும். தலைப்பு வரியின் கடைசியில் காற்புள்ளி மிஞ்சி நின்றால் பெயரற்றது என்று பொருள்படும் தலைப்போடு வெற்று நெடுவரிசை ஒன்றை உண்டாக்கும். பதிவேடு இருந்தால் இவை இரண்டும் தாமாகவே சாம்பல் நிறத்தில் வெளியே வந்துவிடும்.

#6 எக்ஸெல்_மட்டும் (சுங்கை சிப்புட்)

எங்கள் அலுவலகக் கணினியில் புதிய மென்பொருள் எதையும் நிறுவ அனுமதி இல்லை. எக்ஸெல் மட்டுமே உண்டு. நாங்களும் இதே வேலையைச் செய்கிறோம். எக்ஸெலில் இருப்பவர்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

தரவை "டேபிள்" ஆக மாற்றி, அதன்மீது வரைபடம் அமைத்தால், வலப்பக்கம் ஒட்டிச் சேர்க்கும் புதிய நெடுவரிசை பெரும்பாலும் தானாகவே படத்தில் சேர்ந்துவிடும். பலர் "ஆஃப்செட்", "கவுண்ட்ஏ" என்ற இரண்டு சார்புகளையும் வைத்துப் பெயரிட்ட எல்லை (தரவு கூடக் கூடத் தானே நீளும் அறைகளின் தொகுதி) அமைப்பார்கள். அது கீழ்நோக்கி, அதாவது மாதங்கள் கூடும்போது, நன்றாகவே வேலை செய்யும். வலநோக்கிச் செய்யாது. முழு வரைபடத்துக்கும் தரவு எல்லையாக அந்தப் பெயரைக் கொடுத்தால், எக்ஸெல் அதை ஒப்புக்கொள்வது போல் காட்டி, உடனே நிலையான முகவரியாக மாற்றிவிடும். ஒரு தொடருக்குள் (படத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு தொடர்) எத்தனை புள்ளிகள் என்பதைப் பெயர் கட்டுப்படுத்தும். எத்தனை தொடர்கள் என்பதைக் கட்டுப்படுத்தாது. அதற்கு மேக்ரோ, அதாவது எக்ஸெலுக்குள்ளேயே எழுதும் சிறு நிரல்தான் வழி.

மேக்ரோவில் கடைசி நெடுவரிசையைக் கண்டுபிடிக்க, தலைப்பு வரியின் வலக்கோடியிலிருந்து இடப்பக்கம் வாருங்கள். இடமிருந்து வலம் போனால் நடுவில் வெற்று நெடுவரிசை ஒன்று குறுக்கிட்டதும் அங்கேயே நின்றுவிடும். பிறகு படத்தில் இருக்கும் தொடர்கள் அனைத்தையும் அழித்துவிட்டு, தலைப்பு தலைப்பாகப் புதிதாகச் சேருங்கள். நிரலாளர் சகோதரி சொன்ன பதிவேட்டை இன்னொரு தாளில் வைத்து, நிறத்தை அங்கிருந்து எடுங்கள். ஒரு வரைபடத்துக்கு 255 தொடர்கள் என்பது எக்ஸெலின் உச்சவரம்பு. எந்தத் தோட்டமும் அதைத் தொடப் போவதில்லை.

இப்போது முக்கியமானது. தரவு எல்லையை ஒட்டுமொத்தமாகக் கொடுக்கும் கட்டளையில், தொடர்கள் நெடுவரிசைகளிலா கிடைவரிசைகளிலா என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விட்டால் எக்ஸெல் தானே முடிவு செய்யும். கிடைவரிசைகளைவிட நெடுவரிசைகள் அதிகமாக இருந்தால், கிடைவரிசைகளைத் தொடர்களாக எடுத்துக்கொள்ளும். எங்கள் கணக்கில் ஆண்டுக்கு ஒரு தாள். ஜனவரியில் ஒரே ஒரு மாத வரிசைதான் இருக்கும், பிளாக்குகளோ பத்துக்கு மேல். ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் மாதங்கள் கோடுகளாகவும் பிளாக்குகள் கிடை அச்சாகவும் புரண்டு வரும். மாதங்கள் கூடக் கூட, ஏதோ ஒரு மாதத்தில் யாரும் தொடாமலேயே சரியாகிவிடும். தானே சரியாகிவிடுவதால் யாரும் காரணம் தேடுவதில்லை, அடுத்த ஜனவரியில் திரும்பவும் வரும். நெடுவரிசை என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் இது நடக்காது.

பிளாக்கை நட்ட ஆண்டால் அழைக்கும் தோட்டங்களுக்கு இன்னொரு சொல். தலைப்பில் 1998, 2005 என்று வெறும் எண் இருந்தால், எக்ஸெல் அதைத் தலைப்பு என்று அறியாமல் எடையோடு சேர்த்து வரைந்துவிடக்கூடும். இடது மேல் மூலையில் உள்ள அறையைக் காலியாக விடுங்கள், அல்லது ஆண்டுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள்.

#7 தோட்டத்துக்_கிராணி

அனைவருக்கும் நன்றி. எங்கள் அலுவலகத்தில் பைத்தான் நிறுவ அனுமதி கிடைத்துவிட்டது. பதிவேட்டைக் கண்டக்டரோடு உட்கார்ந்து தயாரித்தேன். நிறங்களை அவரே சொன்னார், ஏற்கெனவே ஆட்களின் மனத்தில் இருப்பவை அப்படியே இருக்கட்டும் என்று. மழை இப்போது தனிக் கட்டத்தில் வருகிறது. மொத்தம் தலைப்பில் எண்ணாக வருகிறது.

ஆனால் பிளாக்குகள் பன்னிரண்டு ஆனதும் படம் நூல்கண்டு சிக்கியது போல் ஆகிவிட்டது. பன்னிரண்டு நிறங்களைக் கண்ணால் பிரிக்க முடியவில்லை. அதுவும் குழல் விளக்கில் நீலமும் ஊதாவும் ஒன்றாகவே தெரிகின்றன. எண்ணிக்கைக்கு ஏற்பப் படத்தின் அமைப்பையே நிரல் மாற்றிக்கொள்ள முடியுமா?

#8 நிரலாளர்_கிள்ளான்

முடியும், செய்யவும் வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி ஏழெட்டுக் கோடுகளுக்கு மேல் போகக் கூடாது. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிரித்தறியக்கூடியதாக ஓகபே, இட்டோ என்ற இரு ஜப்பானிய அறிஞர்கள் தொகுத்த பரவலாக அறியப்பட்ட நிறத் தொகுப்பில்கூட எட்டு நிறங்கள்தான், அவற்றிலும் ஒன்று கறுப்பு. அதற்கு மேல் போனால் சிறு கட்டங்களாகப் பிரித்துவிடுங்கள்: பிளாக்குக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அந்தப் பிளாக்கின் கோடு அதன் நிறத்தில் தடிப்பாகவும், மற்ற எல்லாப் பிளாக்குகளும் பின்னணியில் மெல்லிய சாம்பலாகவும் இருக்கட்டும். அப்போது தன் பிளாக்கையும் பார்க்கலாம், மற்றவற்றுக்கு நடுவே அது எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கலாம். பெயரைக் கட்டத்தின் உள்ளேயே பெரிய எழுத்தில் எழுதிவிட்டால் குறிவிளக்கமே தேவையில்லை.

கட்டங்களின் கணக்கு எளிது. பிளாக்குகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கினால், குறுக்கே எத்தனை கட்டங்கள் என்பது கிடைக்கும். மொத்தத்தை அதனால் வகுத்து மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் நெடுக்கே எத்தனை என்பது கிடைக்கும். பன்னிரண்டுக்குக் குறுக்கே நான்கு, நெடுக்கே மூன்று. பதினொன்றானாலும் அதே அமைப்புதான், கடைசிக் கட்டம் மட்டும் காலி. காலிக் கட்டத்தின் அச்சுகளை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எடையே இல்லாத பிளாக் ஒன்று இருப்பது போல் தோன்றும். நிலை அச்சு எல்லாக் கட்டங்களுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் போக்கில் நீண்டால் சிறிய பிளாக்கின் சின்ன ஏற்றமும் பெரிய பிளாக்கின் பெரிய ஏற்றமும் ஒரே உயரமாகத் தெரியும்.

மாட்பிளாட்லிப்பில் ஒரு பொறி உண்டு. கட்டங்களை உண்டாக்கும் கட்டளை, பல கட்டங்கள் என்றால் ஓர் அணியை (வரிசைப் பட்டியலை) தரும். ஒரே கட்டம் என்றால் அணியைத் தராமல் அந்தக் கட்டத்தை மட்டும் தரும். ஆகவே பன்னிரண்டுக்கு ஓடும் நிரல் ஒன்றுக்கு உடைந்துவிடும். "ஸ்க்வீஸ்" என்ற அமைப்பை இல்லை என்று வைத்துவிட்டால் எப்போதும் அணியே கிடைக்கும்.

#9 கணினி_வாத்தியார்

கட்டங்களாகப் பிரிப்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எட்டு வரை ஒரே படம், ஒன்பதானதும் கட்டங்கள் என்று நிரலே மாதந்தோறும் முடிவு செய்வதை நான் ஏற்கவில்லை. மார்ச்சில் எட்டு பிளாக், ஏப்ரலில் ஒன்பது, ஜூனில் மீண்டும் எட்டு என்றால் பலகையில் படத்தின் உருவமே மாறி மாறி வரும். நிறம் ஒரு படி நகர்ந்ததற்கே ஒரு மண்டோர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. படத்தின் அமைப்பு முழுவதுமே மாறினால் ஆட்கள் அதைப் படிப்பதையே விட்டுவிடுவார்கள். அமைப்பை ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை முடிவு செய்து பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அந்த ஆண்டு முழுவதும் அதுவே. எண்ணிக்கை கூடினால் கட்டம் கூடட்டும், குறைந்தால் அந்தக் கட்டம் "மறுநடவில்" என்ற எழுத்தோடு அதே இடத்தில் நிற்கட்டும்.

#10 நிரலாளர்_கிள்ளான்

ஏற்கிறேன் ஐயா, உங்கள் யோசனை என்னுடையதைவிடச் சிறந்தது. கட்டத்தின் இடமும் நிறத்தைப் போலவே பிளாக்குக்கு உரியது. அதையும் பதிவேட்டிலேயே வைத்துவிடலாம்.

#11 களத்துக்_கண்டக்டர்

எனக்கு ஒரு கேள்வி. எங்கள் பெரிய பிளாக் ஒன்றை இரண்டாகப் பிரித்த மாதத்தில், அதன் கோடு தரைக்கு விழுந்து நின்றுவிட்டது. புதிதாக இரண்டு சின்னக் கோடுகள் பாதி உயரத்தில் தொடங்கின. மரமும் அதேதான், ஆட்களும் அதேதான். அலுவலகத்தில் கேட்டால் நெடுவரிசை மாறிவிட்டது என்கிறார்கள். இதற்கு வழி என்ன?

#12 நிரலாளர்_கிள்ளான்

இதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன ஐயா.

கோடு தரைக்கு விழுந்தது, கணக்கில் இல்லாத மாதத்துக்கு யாரோ சுழியம் எழுதியிருப்பதால். சுழியம் என்றால் அறுவடைக்குப் போனார்கள், ஒரு குலையும் கிடைக்கவில்லை என்று பொருள். பிரித்ததாலோ மறுநடவாலோ கணக்கே இல்லை என்றால் அந்த அறை வெறுமையாக இருக்க வேண்டும். வெறுமையைப் பாண்டாஸ் இல்லாத மதிப்பாக வைத்துக்கொள்ளும். கோடு அங்கே விழாமல் நின்றுவிடும். எக்ஸெலிலும் வெற்று அறையை இடைவெளியாகக் காட்டுவதா, சுழியமாகக் காட்டுவதா, கோட்டால் இணைப்பதா என்று தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு, இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள்.

பாதி உயரத்தில் தொடங்கியது, படம் மொத்த டன்னைக் காட்டுவதால். அதற்குத்தான் பதிவேட்டில் ஹெக்டரைக் கேட்டேன். எடையைப் பரப்பால் வகுத்து ஹெக்டருக்கு எத்தனை டன் என்று வரைந்தால், பிளாக் இரண்டானாலும் இரண்டு கோடுகளும் பழைய கோடு விட்ட உயரத்துக்கு அருகிலிருந்தே தொடங்கும். பெரிய பிளாக்கையும் சிறிய பிளாக்கையும் ஒப்பிடுவதற்கும் அதுவே நேர்மையான அளவு. பதிவேட்டில் "தாய்ப் பிளாக்" என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்து, பிரிந்த இரண்டுக்கும் பழைய பெயரை எழுதிவிட்டால், பழைய வரலாற்றைச் சாம்பல் கோடாக இரண்டு கட்டங்களிலும் முன்னால் ஒட்டிவிடலாம்.

#13 மழைமானி (தெலுக் இந்தான்)

முழு இழையையும் படித்தேன். அடிப்படையான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பிளாக்குக்கு ஒரு நெடுவரிசை என்று தரவை வைத்திருப்பதால்தான் கோப்பின் அகலம் மாறுகிறது. மாதம், பிளாக், டன் என்று மூன்றே நெடுவரிசைகளோடு நெட்டையாக வைத்தால் புதிய பிளாக் வரும்போது கிடைவரிசைகள் மட்டுமே கூடும். கோப்பின் வடிவம் என்றைக்கும் மாறாது. பிரித்தாலும் வீழ்த்தினாலும் பழைய கணக்கை யாரும் தொட வேண்டியதில்லை. இத்தனை நிரல் வித்தைகளுக்குப் பதிலாகக் கோப்பையே மாற்றிவிட்டால் என்ன?

#14 தோட்டத்துக்_கிராணி

நியாயமான கேள்வி. ஆனால் அந்த அகலமான தாளைத்தான் நிர்வாகி கையெழுத்திடுகிறார், தணிக்கையாளரும் அதைத்தான் கேட்கிறார். பிளாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பிழை பிடிக்கவும் முடிகிறது. ஒரே பிளாக்கின் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் தட்டச்சு செய்தால் எழுத்துப் பிழையும் கூடும்.

#15 கணினி_வாத்தியார்

இருவரும் சொல்வது சரியே. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மனிதர் தட்டச்சு செய்வதும் கையெழுத்திடுவதும் அகலமான தாளிலேயே நடக்கட்டும். நிரல் படித்த உடனே, முதல் வேலையாக, அதை நெட்டையாக்கிவிடட்டும். பாண்டாஸில் அதற்கு "மெல்ட்" என்ற ஒரே கட்டளை போதும்: மாதத்தை நிலையாக வை, மற்ற எல்லா நெடுவரிசைகளையும் பெயர், மதிப்பு என்று இரண்டாக உருக்கு என்று சொன்னால் முடிந்தது. எத்தனை நெடுவரிசைகள் என்று அந்தக் கட்டளையிடம் சொல்ல வேண்டியதே இல்லை. அதற்குப் பின் பதிவேட்டோடு பெயரால் இணைத்துவிட்டால் நிறமும் ஹெக்டரும் வகையும் ஒவ்வொரு வரிசையிலும் வந்து நிற்கும். எண்ணிக்கை என்பது நிரலின் ஒரே ஓர் இடத்தில், கட்டங்களை அமைக்கும் இடத்தில் மட்டும், தேவைப்படும்.

#16 தோட்டத்துக்_கிராணி

செய்துவிட்டேன் ஐயா. நிரல் முன்பிருந்ததில் பாதியாகக் குறைந்துவிட்டது. "மெல்ட்" கட்டளைக்குப் பிறகு பதிவேட்டோடு இணைத்து, வகையால் பிரித்து, கட்டம் கட்டமாக வரைகிறேன். பதிவேட்டில் இல்லாத பெயர் ஒன்று இம்மாதமே அகப்பட்டது: பிளாக் பெயரின் கடைசியில் ஒரு வெற்றிடம்.

ஒரே ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. கட்டங்களின் தலைப்பைத் தமிழில் எழுத ஆசைப்பட்டேன். "மேட்டு பிளாக்" என்பதில் இரட்டைக்கொம்பு மகரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது. எழுத்துரு தமிழ் எழுத்துருதான்.

#17 நிரலாளர்_கிள்ளான்

எழுத்துருவில் குறை இல்லை. தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் சேமிப்பில் மெய்க்குப் பின்னாலும் பார்வையில் அதற்கு முன்னாலும் வருபவை. அவற்றை இடம் மாற்றி அடுக்குவதற்கு எழுத்தமைப்பு இயந்திரம் ஒன்று தேவை; மாட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் வழக்கமாகப் பயன்படுத்தும் வரைமுறையில் அது கிடையாது, குறிகளைச் சேமித்த வரிசையிலேயே அச்சிட்டுவிடும். "எம்பிஎல்கெய்ரோ" என்ற கூடுதல் தொகுப்பை நிறுவி, வரையும் பொறுப்பை அதனிடம் கொடுத்தால் சரியாக வரும். நூபிளாட்டுக்குத் திரும்புவதானால், பெயரில் "கெய்ரோ" உள்ள வெளியீட்டு முறைகள் எழுத்துகளைப் பாங்கோ என்ற எழுத்தமைப்பு இயந்திரத்திடம் ஒப்படைப்பதால் அங்கும் தமிழ் ஒழுங்காக வரும்.

அடுத்த மாதக் கடைசிக்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். உண்மைக் கோப்பைத் தொடாமல் அதன் நகல்களை எடுத்து, ஒன்றில் ஒரே பிளாக்கை மட்டும் விடுங்கள். ஒன்றில் முப்பது பிளாக்குகளாகப் பெருக்குங்கள். ஒன்றில் மாதத்தையும் மழையையும் தவிர எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒன்றில் நெடுவரிசைகளைத் தலைகீழாக அடுக்குங்கள். தலைகீழ்க் கோப்பிலிருந்து வரும் படம் உண்மைக் கோப்பின் படத்தோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் நிரலில் எங்கோ ஓரிடத்தில் பெயருக்குப் பதில் இட எண் இன்னும் ஒளிந்திருக்கிறது.

#18 தோட்டத்துக்_கிராணி

நான்கையும் ஓட்டிப் பார்த்தேன் சகோதரி. முதல் இரண்டும் ஒழுங்காக வந்தன. பிளாக்கே இல்லாத கோப்பில் கட்டங்களின் எண்ணிக்கை சுழியமாகி நிரல் நின்றுவிட்டது. அந்த நிலையில் மழையை மட்டும் வரைந்து "குலைக் கணக்கு வரவில்லை" என்று எழுதும்படி ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். தலைகீழ்க் கோப்பின் படத்தில் மழைக் கட்டம் மட்டும் மேலே போய்விட்டது. அதன் இடத்தைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டிருந்தது தெரிந்தது. எழுதிய பிறகு இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். கோடுகள் எல்லாம் பொருந்துகின்றன. பதிவேட்டின் மாதிரி ஒன்றை, பிளாக் பெயர்களை மாற்றி, இந்த இழையிலேயே இணைக்கிறேன். எக்ஸெலில் செய்பவர்களும் அதை ஒரு தாளாக ஒட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.